நடுத்தெருவில் இறக்கிவிட்ட பஸ்

பலேர்மோ விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலே இரண்டு சட்டை, ஒரு காற்சட்டை, மனைவி தன் தங்கைக்குக் கொடுத்துவிட்ட ஒடியல் மா, மிளகாய்த்தூள். அடியில் பழைய சாரத் துணியால் சுற்றிய பாரமான பொருள் ஒன்று. அதை அவர் இரண்டு கையாலும் தூக்கி மேசையில் வைத்துச் சாரத்தை அவிழ்த்தார். உள்ளே ஒரு ஸ்டார்ட்டர் மோட்டார், கிரீஸ் பூசியபடி.

இது என்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த நாலைந்து இத்தாலியச் சொற்களில் ஒன்று 'அவுத்தோபுஸ்'. அதைச் சொன்னேன். அவர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மிச்சம் எங்கே என்று கையைச் சுழற்றிக் கேட்டார். நான் நகரம் இருக்கும் பக்கத்தைக் காட்டினேன். அவர் மிளகாய்த்தூள் பொட்டலத்தை எடுத்து மணந்தார். ஏழெட்டுத் தடவை தும்மினார். பெட்டியைத் தானே மூடி, போகச் சொன்னார்.

மிச்சம் உண்மையாகவே பலேர்மோவில்தான் இருந்தது. நான் அப்போது வட இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்தில் பஸ் சாரதி. பதினேழு ஆண்டுகளாக ஒரே டிப்போவுக்கு, ஒரே தெருவால், ஒரே வேலைக்குப் போய்வந்தேன். கம்பெனி மட்டும் நாலு தடவை கைமாறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் புதிய சட்டை தந்தார்கள். பழைய சட்டைகளை என் மனைவி சமையலறை துடைக்க வைத்திருந்தாள். எங்கள் பகுதியின் போக்குவரத்து வரலாறு முழுவதும் எங்கள் வீட்டு அடுப்படியில் தொங்கியது.

தொண்ணூறுகளின் நடுவில் ஐந்தாவது முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. கம்பெனிக்கு எழுபத்தைந்து வயது. மேயர் வருவார், பாண்ட் வாத்தியம் வரும், முன்னால் பழைய கருஞ்சிவப்பு நிறத்தில் ஓர் இரட்டைமாடி பஸ் ஊர்வலம் போகவேண்டும். ஆனால் பழைய பஸ்கள் எல்லாவற்றையும் அதற்கு முந்திய முதலாளிகள் இரும்புக்குப் போட்டிருந்தார்கள். அப்போதுதான் விடுமுறைக்குப் போன கணக்குப்பிள்ளை ஒருவர் பலேர்மோவின் மொண்டெல்லோ கடற்கரைக்குப் பின்னால் ஒரு மதிலுக்கு மேலாக எங்கள் பஸ்ஸின் தலை தெரிவதைப் படம் பிடித்து வந்தார். பக்கவாட்டில் கம்பெனியின் பழைய பெயர்கூட அழியவில்லை. டிப்போ மேலாளர் ஹார்கிரீவ்ஸ் எங்களையெல்லாம் கூட்டி, பலேர்மோவில் யாருக்காவது ஆள் இருக்கிறதா என்று கேட்டார். என் மனைவியின் தங்கை ரீற்றா அங்கே வீட்டு வேலை செய்கிறாள் என்றேன். சொல்லியிருக்கக்கூடாது. ஒரு கிழமைக்குள் நான் விமானத்தில் இருந்தேன்.

ரீற்றாவின் கணவன் தாசன் என்னைக் கூட்டிப்போக வந்திருந்தான். மன்னார்க்காரன். காலையில் ஒரு பணக்கார வீட்டில் துணி அழுத்துவான், மாலையில் தமிழ்ப் பூசைக்குப் பாட்டுப் பழக்குவான். நகரத்துக்குள் வந்து அவர்களுடைய வீட்டுக்குப் போகும் பஸ்ஸுக்காக ஒரு மணித்தியாலம் நின்றோம். பிறகு மூன்று பஸ் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மூன்றும் எங்கள் இலக்கம். மூன்றும் நிற்காமல் போயின. யாழ்ப்பாணத்தில் ஓடிவருகிறவனைக் கண்டால் சாரதி பஸ்ஸை நிறுத்துவான். இங்கிலாந்தில் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுக் கதவை மூடுவான். பலேர்மோவில் உங்களைப் பார்த்துச் சிநேகமாகக் கையசைத்துவிட்டுப் போகிறான். பின்னேரம் நடந்தே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம், ஸ்டார்ட்டர் மோட்டாரை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தபடி.

வியா மக்வேதா என்ற பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாலாம் மாடி. ரீற்றா புட்டும் சாளைக் குழம்பும், பொரித்த கத்தரிக்காயும் வைத்திருந்தாள். நேர அட்டவணை எங்கே ஒட்டுவார்கள் என்று நான் கேட்டதற்கு அவள் சிரித்தாள்.

"அத்தான், இஞ்சை பஸ்ஸுக்கு நேரம் கேக்கிறது, மழைக்கு நேரம் கேக்கிற மாதிரி" என்றாள்.

நான் தேடிவந்த பஸ்ஸின் சொந்தக்காரியைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. படத்தைக் காட்டியதும் ரீற்றா மதிலை அடையாளம் கண்டுகொண்டாள். அது அவள் கிழமைக்கு மூன்று நாள் துப்புரவு செய்யும் வீடு. நாலு ஆண்டாக அந்தப் பஸ்ஸையும் அவள்தான் தூசு தட்டுகிறாள். தமிழர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சொந்தம் என்று ஹார்கிரீவ்ஸ் நம்பியிருந்தார். நான் பலமுறை மறுத்திருக்கிறேன். அன்று மறுக்க வழியில்லை.

செவ்வாய்க்கிழமை மொண்டெல்லோவுக்குப் போனோம். வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா கொன்செத்தா, எழுபது வயது விதவை. கறுப்பு உடை, கறுப்புக் கண்ணாடி, விரலில் எப்போதும் ஒரு சிகரெட். அவளுடைய கணவர் பத்து வருடத்துக்கு முன் சுற்றுலாப் பயணிகளை ஏற்றலாம் என்று இங்கிலாந்திலிருந்து இந்தப் பஸ்ஸை வரவழைத்திருந்தார். வந்த பிறகுதான் பார்த்தாராம், வாசல் தவறான பக்கத்தில் இருக்கிறது. எங்கள் நாட்டில் வண்டி இடதுபக்கம் ஓடும். ஏறும் மேடை பின்னால் இடதுபக்கம், நடைபாதையை ஒட்டி. இத்தாலியில் அதே மேடை நடுத்தெருவைப் பார்த்துத் திறக்கும். ஆட்களை நடுத்தெருவில் இறக்கிவிடும் வண்டிக்கு அனுமதி இல்லை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். கணவர் கோபத்தில் பஸ்ஸைத் தோட்டத்தில் நிறுத்தி, சுற்றி மதில் எழுப்பினார். வாயில் வைக்க மறந்துவிட்டார். அல்லது மறக்கவில்லை; அதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கத் துணியவில்லை. பிறகு அவர் இறந்துபோனார். சிஞ்ஞோரா பஸ்ஸின் மேல்மாடியில் தோழிகளோடு சீட்டு விளையாடினாள். கீழே எலுமிச்சைக் கூடைகளை அடுக்கினாள்.

நான் பஸ்ஸைச் சுற்றி நடந்தேன். நானூற்றுப் பன்னிரண்டாம் இலக்கம். சேர்ந்த புதிதில் நான் ஓட்டிப் பழகிய வகை. முன்னால் பாதி அகலத்துக்கு ஒரு கூண்டு, அதற்குள் சாரதி தனியே; பக்கத்தில் வெறும் என்ஜின் மூடி. எங்கள் பகுதியில் தாழ்ந்த ரயில் பாலங்கள் அதிகம் என்பதால் உயரம் குறைந்த பஸ். உயரத்தைக் குறைக்க அந்தக் காலத்துப் பொறியாளர்கள் மேல்மாடி நடைவழியை ஓர் ஓரமாக ஒதுக்கிப் பள்ளமாக்கினார்கள். அந்தப் பள்ளம் கீழ்மாடியில் வலதுபக்கம் இருப்பவர்களின் தலைக்கு மேல் இறங்கியிருக்கும். எழும்பும்போது தலையைக் குனியவும் என்று முன் இருக்கையின் முதுகில் எழுதி வைத்தார்கள். ஐம்பது வருடமாக இங்கிலாந்தின் பாதிப்பேர் அதை வாசித்தபடியே தலையை இடித்துக்கொண்டார்கள்.

மதியம் சிஞ்ஞோரா மத்தி மீனும் உலர் திராட்சையும் போட்ட பாஸ்தா தந்தாள். முள்ளோடு இனிப்பு, முதல் வாயில் சந்தேகம், மூன்றாம் வாயில் இன்னொரு கரண்டி. கம்பெனியின் பிறந்தநாளுக்கு பஸ் வேண்டும் என்றதும், எந்தக் கம்பெனி என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குச் சுருக்கமான பதில் கிடையாது. ரீற்றா மொழிபெயர்க்க நான் தொடங்கினேன்.

முதலாம் உலகப்போர் முடிந்து வந்த சிப்பாய் ஒருவன், படை கழித்துவிட்ட லொறியில் உட்கார மர வாங்குகளைப் பூட்டி, சந்தை நாளில் ஆட்களை ஏற்றினான். அதுதான் எங்கள் கம்பெனியின் பிறப்பு. அப்படி ஊருக்கு ஊர் ஒருவன் இருந்தான். அவர்களையெல்லாம் பக்கத்து நகரத்துப் பெரியவன் வாங்கினான். பஸ் தன் வயிற்றில் அடிக்கிறது என்று கண்ட ரயில்காரன் அவனுடைய பங்குகளை வாங்கினான். பிறகு அரசாங்கம் எல்லாரையும் வாங்கியது. அதுவரை மாவட்டத்துக்கு ஒரு நிறம் இருந்தது. தூரத்தில் வரும்போதே எந்த ஊர்ப் பஸ் என்று தெரியும். அரசாங்கம் ஒன்றில் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை என்று இரண்டே நிறத்துக்குள் நாட்டை அடக்கியது. எண்பதுகளின் நடுவில் வேறொரு அரசாங்கம் வந்தது. யாரும் எந்தத் தெருவிலும் பஸ் ஓட்டலாம், ஆறு கிழமைக்கு முன்னர் அறிவித்தால் போதும் என்றது. கம்பெனிகளைத் துண்டு துண்டாக விற்றது. மேலாளர்கள் தங்கள் வீடுகளை ஈடுவைத்து, தாங்கள் சம்பளம் வாங்கிய கம்பெனியையே வாங்கினார்கள். அவர்களைப் பெரிய கம்பெனிகள் வாங்கின. பெரியவற்றை இன்னும் பெரியவை வாங்கிக்கொண்டிருந்தன.

எங்கள் நகரத்து மருத்துவமனைத் தெருவில் நாலு கம்பெனி ஓடிய காலத்தையும் சொன்னேன். காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு பஸ் நிற்கும். மாலை ஆறுக்குப் பிறகு ஒன்றும் வராது. நேற்றுவரை என்னோடு தேநீர் குடித்தவன் வேறு நிறச் சட்டை போட்டு எனக்கு முன்னால் வெட்டிப் போய் என் பயணிகளை ஏற்றுவான். ஒரு கிழவி யாருக்கும் மனநோவு வேண்டாம் என்று எல்லாப் பஸ்ஸையும் விட்டு நடந்தே போவாள்.

சிஞ்ஞோரா புகையை விட்டபடி முழுவதும் கேட்டாள். பிறகு ரீற்றாவிடம் ஏதோ கேட்டாள்.

"ஒவ்வொருக்காலும் எல்லாப் பஸ்ஸுக்கும் திருப்பித் திருப்பிப் பெயின்ற் அடிச்சதோ எண்டு கேக்கிறா" என்றாள் ரீற்றா.

ஓம் என்றேன்.

"அப்ப பெயின்ற் விக்கிறவன்தான் உங்கட நாட்டை ஆண்டிருக்கிறான் எண்டு சொல்லுறா."

பதினேழு வருடத்தில் இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்தத் தொழிற்சங்கக் கூட்டத்திலும் கேட்டதில்லை.

பஸ்ஸுக்கு அவள் விலை கேட்கவில்லை. ஒரேயொரு நிபந்தனை. அவளுடைய அக்கா ஆகத்தா வியா மக்வேதாவில் முதல் மாடியில் இருக்கிறாள். மதில் எழும்பிய நாளில், உன் புருஷனின் பஸ் இந்தத் தோட்டத்தைவிட்டு ஒருநாளும் வெளியே வராது என்று ஆகத்தா சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை. அந்தப் பஸ்ஸின் மேல்மாடியில் இருந்து, ஆகத்தாவின் பால்கனிக்கு நேரே, கண்ணுக்குக் கண் பார்த்தபடி ஒரு தடவை போகவேண்டும். அதன் பிறகு பஸ்ஸை எங்கே வேண்டுமென்றாலும் கொண்டுபோகலாம். வியாழக்கிழமை மாலைக் கப்பலில் பஸ்ஸுக்குக் கம்பெனி ஏற்கெனவே இடம் பிடித்திருந்தது. துறைமுகத்துக்குப் போகும் வழியில் அதைச் செய்யலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

அன்று மாலை புகையிலைக் கடைத் தொலைபேசியில் ஹார்கிரீவ்ஸைக் கூப்பிட்டேன். நல்லது என்றார், ஆனால் குரலில் உற்சாகம் இல்லை. டிப்போவுக்கு இரண்டு கனவான்கள் வந்து சுவரையெல்லாம் அளந்துவிட்டுப் போனார்களாம். புதிய தளபாடம் போடவாக இருக்கும் என்றார்.

புதன்கிழமை முழுவதும் எனக்கு என்ஜினோடு போயிற்று. புது பற்றரி, புது டீசல், குழாய்களில் காற்று எடுத்து, நான் கொண்டுவந்த ஸ்டார்ட்டரைப் பூட்டினேன். நாலு மணிபோல அது இருமியது, கறுப்புப் புகையில் எலுமிச்சை மரங்களை மறைத்தது, பிறகு எதுவும் நடக்காததுபோல ஓடத் தொடங்கியது. மேல்மாடியில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த நாலு பெண்களும் சிலுவை அடையாளம் போட்டார்கள், ஆட்டத்தை நிறுத்தவில்லை. போகுமிடம் காட்டும் துணிச்சுருள் மட்டும் அசையவில்லை. 'ஹொஸ்பிட்டல்' என்ற இடத்தில் துருப்பிடித்து இறுகியிருந்தது. கப்பலுக்குப் போகும் பஸ்ஸுக்கு எது எழுதியிருந்தால் என்ன என்று விட்டுவிட்டேன். அது தவறு.

தாசனுக்கு மணி பழக்கினேன். சாரதி தனிக்கூண்டில் இருப்பதால் பின்னால் நிற்கும் நடத்துநர் மணியால்தான் கதைக்க முடியும். ஒன்று அடித்தால் நில், இரண்டு அடித்தால் போ, மூன்று அடித்தால் பஸ் நிறைந்துவிட்டது. தாசன் சின்ன வயதில் பூசைக்கு மணியடித்தவன். கை பழக்கத்தில் மூன்றுக்குத்தான் போனது.

மாலையில் ஹார்கிரீவ்ஸின் இலக்கத்தில் ஒரு பெண் எடுத்தாள். நான் கேட்டிராத ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி வணக்கம் சொன்னாள். திரு ஹார்கிரீவ்ஸ் குடும்பத்தோடு அதிக நேரம் செலவிடப் போய்விட்டார் என்றாள். ஹார்கிரீவ்ஸுக்குக் குடும்பம் இல்லை. ஒரு ஆமை மட்டும் வளர்த்தார். நான் என் விஷயத்தைச் சொன்னேன். விசாரித்துவிட்டு நாளைக்குச் சொல்வதாகச் சொன்னாள்.

வியாழன் மதியத்துக்குப் பிறகு பலேர்மோவில் வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு விடுமுறை. தாசனின் பாடகர் குழுவில் எட்டு ஆண்கள், கையில் கடப்பாரை. மதிலின் ஒரு பக்கத்தை ஒன்றரை மணித்தியாலத்தில் இறக்கினார்கள், நாலு குரலில் மாதா பாட்டுப் பாடியபடி. தெருவில் ஒரு கூட்டம் கூடியது. கற்கள் அகன்றதும் நான் கூண்டில் ஏறினேன். சிஞ்ஞோரா பவளமாலை போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசி, மேல்மாடியின் முதல் இருக்கையில் போய் இருந்தாள். ரீற்றா பக்கத்தில். தாசன் பின்மேடையில். மணி மூன்று தடவை அடித்தது. புரிந்துகொண்டு புறப்பட்டேன்.

முதல் சிவப்பு விளக்கிலேயே அது நடந்தது. பக்கத்தில் ஒரு பஸ் தரிப்பு. அங்கே எவ்வளவு நேரமாக நின்றார்களோ, இருபது பேர் பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருந்ததை அண்ணாந்து பார்த்தார்கள். அவர்கள் மொழியில் மருத்துவமனை 'ஒஸ்பெதாலே'. சந்தேகத்துக்கு இடமே இல்லை. தெருவின் நடுவுக்கு ஓடிவந்து, கார்களுக்குள்ளால் புகுந்து ஏறினார்கள். காலில் கட்டுப்போட்ட ஒருவரை இரண்டு மகன்மார் தூக்கி ஏற்றினார்கள். எக்ஸ்ரே உறைகள், துணியால் மூடிய சூப் பானைகள், ஒரு பையில் மீன். இது சேவை பஸ் இல்லை என்று தாசன் சொல்லியிருக்கிறான். சேவை பஸ் இல்லையென்று தங்களுக்கும் தெரியும், சேவை பஸ் என்றால் வந்திருக்காதே என்று ஒருத்தி பதில் சொன்னாளாம்.

அடுத்த தரிப்பில் நிறுத்தாமல் போக நினைத்தேன். முடியவில்லை. தரிப்பில் ஆள் கையைக் காட்டினால் என் கால் தானாகப் பிரேக்கை மிதிக்கும். பதினேழு வருடத்து வியாதி. நாலாவது தரிப்பில்தான் தாசனின் மூன்று மணியோசைக்கு உண்மையான அர்த்தம் வந்தது. கீழே வலதுபக்கம் இருந்தவர்கள் ஒவ்வொரு குலுக்கலுக்கும் எழும்பிப் பார்ப்பதும், தலையை இடிப்பதும், சபிப்பதும் கூண்டின் பின்கண்ணாடியால் எனக்குத் தெரிந்தது. போகிற இடம் மருத்துவமனைதானே என்று யாரோ சொல்லி எல்லாரும் சிரித்தார்கள் என்று தாசன் பிறகு சொன்னான்.

வியா மக்வேதாவில் நுழைகிற இடத்தில் ஒரு போக்குவரத்துப் பொலிஸ்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து மறித்தார். சாரதியோடு கதைக்க இடதுபக்கம் போனார். அங்கே என்ஜின் மூடிதான் இருந்தது, ஆள் இல்லை. சாரதி இல்லாத பஸ்ஸை அவர் சிறிது நேரம் மரியாதையோடு பார்த்தார். நான் வலதுபக்கத்திலிருந்து ஹோர்ன் அடித்தேன்.

அபராதப் புத்தகத்தைத் திறந்தார். முதல் கட்டம், கம்பெனியின் பெயர். பஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு பெயர். வண்டிக் கடதாசியில் அரசாங்கக் கம்பெனியின் பெயர். என் சட்டைப்பையில் தைத்திருந்தது இன்னொரு பெயர். முந்தின நாள் தொலைபேசியில் கேட்ட பெயரை நான் சொல்லவேயில்லை. ரீற்றா இறங்கிவந்து, இவற்றுள் எது சரி என்று அவர் கேட்பதாகச் சொன்னாள்.

"எனக்கும் தெரியேல்லை எண்டு சொல்லு" என்றேன்.

அவர் பேனையை மூடினார். மேலேயிருந்து சிஞ்ஞோரா சாளரத்தைத் திறந்து, இது தன் குடும்ப விவகாரம் என்று அவருக்கு விளக்கினாள். ஆகத்தாவின் பெயர் இரண்டு மூன்று தடவை கேட்டது. அவருக்கும் ஓர் அக்கா இருந்திருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளில் ஏறி முன்னால் போனார். எதிரே வந்த வண்டிகளையெல்லாம் ஒதுக்கினார்.

ஆகத்தாவின் வீட்டுக்கு முன்னால் மணி ஒருமுறை அடித்தது. நிறுத்தி இறங்கி அண்ணாந்து பார்த்தேன். இது உயரம் குறைந்த பஸ் அல்லவா. வட இங்கிலாந்து ரயில் பாலங்களுக்காக ஒரு அடி வெட்டியிருந்தார்கள். வியா மக்வேதாவின் பால்கனிகளோ கர்தினால்மாருக்குக் கட்டியவைபோல உயரத்தில் இருந்தன. கண்ணுக்குக் கண் பார்க்கவேண்டிய சிஞ்ஞோராவின் முகத்துக்கு நேரே இருந்தது அக்காவின் நீல நிறச் செருப்பு.

காலில் கட்டுப்போட்டவர்கூடத் தலையை வெளியே நீட்டினார். ஆகத்தா கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள், மீன் பையைப் பார்த்தாள். அவள் சொன்னதை ரீற்றா பிறகு எனக்குச் சொன்னாள்: "கொன்செத்தா, நீ மெலிஞ்சுபோனாய்."

ஆகத்தா உள்ளே போய், கயிற்றில் கட்டிய கூடை ஒன்றை இறக்கினாள். அந்தத் தெருவில் காய்கறி வாங்க எல்லாரும் இறக்கும் கூடை. அது ஆடி ஆடி மேல்மாடிக் கண்ணாடிக்கு நேரே வந்து நின்றது. உள்ளே ஒரு சிறு கோப்பையில் கோப்பி. சிஞ்ஞோரா அதை எடுத்துக் குடித்தாள். கோப்பையைத் திரும்ப வைக்கும்போது கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு படியிறங்கி வந்தாள். நடுத்தெருவில், பொலிஸ்காரர் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். என் கூண்டுக்குக் கீழே வந்து நின்று, பஸ்ஸை ஆங்கிலேயருக்குக் கொடுத்துவிட்டேன் என்று ஒரு கடதாசியில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்துவிட்டு அக்காவின் வாசலை நோக்கி நடந்தாள். ஆங்கிலேயர் என்று அவள் சொன்னது யாழ்ப்பாணத்து இளவாலையில் பிறந்த என்னை.

ஐம்பத்தைந்து நோயாளிகளையும் உறவினர்களையும் கப்பலில் ஏற்ற முடியாது. மருத்துவமனைக்குப் போனேன். பொலிஸ்காரர் வாசலில் வண்டிகளை மறித்து நின்றார். நடுத்தெருவில் ஒவ்வொருவராக இறங்கினார்கள். பலேர்மோவில் யாரும் சாரதிக்கு நன்றி சொல்லி நான் பார்த்ததில்லை, அன்றும் சொல்லவில்லை. மீன் பை வைத்திருந்தவள் மட்டும் என் கண்ணாடியைத் தட்டி ஏதோ கண்டிப்பாகச் சொன்னாள். நாளைக்குக் கொஞ்சம் முந்தி வரட்டாம் என்றாள் ரீற்றா.

துறைமுகத்தில் வெயில் இன்னும் இருந்தது. பஸ்ஸை வரிசையில் விட்டு, அட்டைத் தொலைபேசிக்குப் போனேன். அதே பெண். மிகவும் பண்பாகப் பேசினாள். எழுபத்தைந்தாவது ஆண்டு விழா இல்லை என்றாள். ஏன் என்று கேட்டேன். புதிய கம்பெனிக்கு வயது மூன்று கிழமைதானாம். எழுபத்தைந்து கொண்டாடுவது பொருத்தமாக இராதாம். பஸ் அவர்களுடைய பட்டியலில் இல்லை. நானும் பட்டியலில் இல்லை. கடிதம் என் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்களாம். எல்லாவற்றுக்கும் நன்றி, நல்ல விடுமுறையாக அமையட்டும் என்று வாழ்த்தினாள்.

ரிசீவரை வைத்த பிறகும் நான் அங்கேயே நின்றேன். பின்னால் நின்ற மாலுமி ஒருவர் என் தோளை மெல்ல ஒதுக்கிவிட்டுத் தன் அட்டையைப் போட்டார். பதினேழு வருடம். கோபம்கூட வரவில்லை; யாரோடு கோபிப்பது என்று தெரியவில்லை. தாசனுக்கும் ரீற்றாவுக்கும் சொன்னேன். ரீற்றா அழுதாள். தாசன் பஸ்ஸை இங்கேயே விட்டுவிட்டு விமானத்தில் போகச் சொன்னான்.

"அண்ணை, இது உங்கட சாமான் இல்லை. அவங்களே வேண்டாம் எண்டுட்டாங்கள். நீங்கள் ஏன் கட்டியிழுக்கிறியள்?" என்றான்.

அவன் சொன்னது சரி. விமானச் சீட்டு என் பையில் இருந்தது. பஸ்ஸைத் திரும்பிப் பார்த்தேன். துறைமுகக் கரையில், எலுமிச்சை மணத்தோடு, நெற்றியில் மருத்துவமனை என்று எழுதிக்கொண்டு நின்றது. ஒரு கன்னியாஸ்திரியும் இரண்டு கிழவர்களும் ஏற்கெனவே உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களை இறக்கக் கால் மணித்தியாலம் பிடித்தது. பிறகு கப்பல் அலுவலகச் சாளரத்துக்குப் போனேன். எழுத்தர் படிவத்தைத் தள்ளினார். உரிமையாளர், கம்பெனியா தனி ஆளா என்று கேட்டார். சிஞ்ஞோராவின் கடதாசியைக் கொடுத்தேன். ஆங்கிலேயர் என்ற சொல்லை வாசித்தார், என் முகத்தைப் பார்த்தார், என் பிரித்தானியக் கடவுச்சீட்டைப் பார்த்தார், தோளைக் குலுக்கினார். நான் பேனையை எடுத்துக் கம்பெனி என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன். என் வாழ்க்கையில் எந்தச் சட்டையைப் போட்டபோதும் வராத ஒரு நிமிர்வு முதுகில் வந்ததையும் சொல்லவேண்டும்.

கப்பலில் ஏற்றுவதற்கு முன் மனைவியைக் கூப்பிட்டேன். கடிதம் காலையிலேயே வந்துவிட்டதாம், பிரித்து வாசித்திருந்தாள். நான் கவலைப்படுவேன் என்று அவள் நடந்ததைச் சுற்றிவளைத்துச் சொல்லப் பார்த்தாள். எனக்குத் தெரியும் என்றேன்.

"இனி என்ன செய்யப்போறியள்?" என்று கேட்டாள்.

"நான் ஒரு பஸ் கொம்பனி துவங்கியிருக்கிறன்."

அட்டையில் அலகுகள் குறைந்துகொண்டே போயின.

"எத்தினை பஸ்?"

"ஒண்டு. மேல்மாடியும் இருக்கு."

வேலை போனதைப் பற்றியோ, வயதைப் பற்றியோ ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"எங்கட வீட்டு வாசல்லை நிப்பாட்டாதேங்கோ, கண்டியளோ" என்றாள். "எனக்கு உடுப்புக் காயப்போட வெயில் வேணும்."